ரேடியேட்டர் மூடியை நான் அடித்த விதம்

பெயர் பவுல்ராஜ். தகப்பனார் பெயர் சூசையப்பன், காலஞ்சென்றவர். வயது 43. மதம் ரோமன் கத்தோலிக்கம். தொழில் பித்தளை வார்ப்பு. விலாசம், சித்தூர் தாலுகா, கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அரை மைலில் பொள்ளாச்சி ரோட்டின் மேல் உள்ள ஓட்டுச் சாய்ப்பு. பாலக்காட்டில் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. அவர்கள் முன்பாக 1974 ஆகஸ்ட் 22 அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தமிழில் சொல்லி, தமிழிலேயே எழுதப்பட்டது.

என் மனைவி இருதயம்மாள் கொடுத்த மனுவின் பேரில் இந்த விசாரணை நடக்கிறது. தமிழ் எழுதத் தெரிந்த எழுத்தர் வந்த பிறகுதான் வாய் திறப்பேன் என்று நான் சொன்னதால் ஒரு மணி நேரம் தாமதமானது. அதற்காக எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. போன தடவை நான் தமிழில் சொல்ல போலீஸ்காரர்கள் மலையாளத்தில் எழுதிக்கொண்டதால் வந்த வினைதான் இவ்வளவும்.

நான் பிறந்தது மூணாறுக்கு மேலே குயில்பாறை எஸ்டேட்டில். அந்த எஸ்டேட் பாக்டரியின் ஒர்க்ஷாப்பில் பதினாறு வருஷம் வேலை செய்தேன். தேயிலை உருட்டும் மேஜையில் பித்தளைச் சட்டங்கள் தேய்ந்து போகும். தேய்ந்ததை உருக்கி, புதிதாக வார்த்துப் போடுவது என் வேலை. 1968-ல் அங்கிருந்து விலகி, என் மனைவியின் ஊர்ப்பக்கமான இங்கே வந்து சொந்தமாகப் பட்டறை போட்டேன். தோட்டக்காரர்களின் பம்ப் செட்டுக்கு புஷ், வால்வு முதலியவை வார்த்துக் கொடுக்கிறேன். பெட்டிக்குள் மண்ணைப் போட்டு, கட்டையால் இறுக்கி அடித்து, அதில் சாமானின் வடிவத்தைப் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய பித்தளையை ஊற்றுவோம். இந்த வேலை முழுவதற்கும் சேர்த்தே எங்களுக்கு 'அடிப்பது' என்று பெயர். 'பவுலு, ஒரு புஷ் அடிச்சுக் குடு' என்றுதான் கேட்டு வருவார்கள். இதை இந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளும்படி ஆர்.டி.ஓ. அவர்களைக் கேட்டுக்கொண்டேன்.

1973 டிசம்பரில் ஈஸ்வரமூர்த்தி என்பவர் என் பட்டறைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் முப்பது ஏக்கரில் கரும்பும் நிலக்கடலையும் போட்டிருக்கும் தோட்டக்காரர். அவரிடம் 1932-ம் வருஷத்து ஆஸ்டின் கார் ஒன்று மாட்டுக் கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. அதைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அலைந்து என்ஜின், டயர், விளக்கு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். ரேடியேட்டரின் வாயை மூடும் மூடி மட்டும் கிடைக்கவில்லை. அது பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசியது, இரண்டு பக்கமும் சிறகு விரித்தது போல இருக்கும், நடுவில் கம்பெனி முத்திரை. கோயமுத்தூரில் ஒரு கடைக்காரர் ஒரிஜினல் என்று சத்தியம் செய்து கொடுத்த மூடி, முலாம் உரிந்ததும் தகரமாக இருந்தது. மதராஸிலிருந்து பார்சலில் வந்தது லாரி மூடி. சீமைக்குக் கடிதம் போட்டதற்கு, அந்தச் சாமான் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது என்று பதில் வந்தது. ஏமாந்து ஏமாந்து எரிச்சலோடுதான் என்னிடம் வந்தார். அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

"ஏப்பா பவுலு, தகர மூடி போட்டு ஓட்டறதுக்கு வண்டி மாட்டுக் கொட்டாய்லயே கெடக்கட்டும். எனக்கு அச்சு அசலா வேணும், ஆமா" என்றார். அசலைப் பார்க்காமல் செய்ய முடியாது என்றேன். அதே மாடல் கார் குயில்பாறை எஸ்டேட் மேனேஜரிடம் இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் காரை ஓட்டும் ஏசுதாஸ் என்னோடு எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தவன், என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவன்.

1974 பிப்ரவரி 9-ம் தேதி பஸ் ஏறி, உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாகக் குயில்பாறைக்குப் போனேன். மேனேஜர் ஜீப்பில் கொச்சிக்குப் போயிருந்தார். ஏசுதாஸ் மூடியைக் கழற்றி என் பையில் போட்டு, "வெரசா கொண்டாந்துரு அண்ணே, தொரைக்குத் தெரிஞ்சா என் சோத்துல மண்ணுதான்" என்றான். ஐந்தாம் நாள், அதாவது 14-ம் தேதி, நானே மேலே போய், என் கையாலேயே மேனேஜரின் காரில் மூடியைத் திருகிவிட்டு வந்தேன். உடையவரைக் கேட்காமல் எடுத்துப் போனது தப்பு. அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். செய்யாத திருட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

அந்த மூடி என்னிடம் இருந்த நாளில் அதையே மண்ணில் பதித்து ஒன்று அடித்தேன். அது தப்பாகப் போயிற்று. பித்தளை ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் அசல் சாமானையே அச்சாகப் பதித்தால் வார்த்து வருவது அதைவிட ஒரு நகக்கனம் சின்னதாகத்தான் இருக்கும். வேலைக்குப் புதிதாக வந்தவனுக்கும் தெரிந்த விஷயம் இது. அச்சு அசல், அச்சு அசல் என்று அவர் சொன்னது மண்டையில் ஏறி, பதினாறு வருஷம் இதே வேலை செய்த நான் அசலையே அச்சாக்கிவிட்டேன். இந்த மூடி ரேடியேட்டரின் கழுத்துக்குள் இறங்கித் திருகிக்கொள்ள வேண்டியது. நான் அடித்தது கழுத்துக்குள் பிடிமானம் இல்லாமல் லொடலொடவென்று ஆடியது. மறுபடி உருக்கிக்கொள்ளலாம் என்று அதைப் பழைய பித்தளைக் குவியலில் வீசினேன்.

அதன் பிறகு, அசலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பாக எல்லா அளவையும் எடுத்துக்கொண்டு, சுருங்குவதற்கு இடம் விட்டு, கொஞ்சம் பெரிதாகத் தேக்கில் ஒரு அச்சு செதுக்கினேன். செதுக்கி முடிக்க மூன்று வாரம் ஆனது. அப்போது எனக்கும் ஈஸ்வரமூர்த்திக்கும் ஒரு தகராறு. அசல் மூடியின் இடது சிறகு நுனியில் எலி கடித்த மாதிரி ஒரு நசுங்கல் இருந்தது. எங்கேயோ இடித்து நசுங்கியது, அதை விட்டுவிட்டுச் செதுக்குகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பெனிக்காரன் வெச்சதை எடுக்கறதுக்கு நீ ஆருப்பா? அது டிசைனு" என்றார். அவர் வாழ்நாளில் பார்த்த ஒரே மூடி அதுதான். பணம் கொடுக்கிறவர் சொல்லுகிறார் என்று நசுங்கலையும் செதுக்கினேன். மார்ச் கடைசியில் இரண்டாவது மூடியை அடித்து, பொள்ளாச்சியில் லேத்தில் கொடுத்து மரை வெட்டி, கோயமுத்தூரில் முலாம் போட்டு, அவர் காரில் திருகினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை.

அதற்குப் பிறகு ஈஸ்வரமூர்த்தி அந்த மூடி சீமையிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் காதுபடவே சொன்னார். நான் மறுக்கவில்லை. சீமை வேலை என்று நம்புகிற அளவுக்குச் செய்திருக்கிறோமே என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 9-ம் தேதி காலை பட்டறைக்குக் கரி வாங்குவதற்காக ஈஸ்வரமூர்த்தியின் காரில் பொள்ளாச்சிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கோபாலபுரம் செக்போஸ்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது, பாலக்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த குயில்பாறை மேனேஜரின் ஆஸ்டின். ஏசுதாஸ் ஓட்டி வந்தான். அந்தக் காரின் ரேடியேட்டரில் மூடி இல்லை, துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. மேனேஜர் இறங்கி, எங்கள் காரின் முன்னால் வந்து, குனிந்து பார்த்துவிட்டு, மூடியைக் கையால் பிடித்தார். சூட்டில் கையை உதறினார். பிறகு கைக்குட்டையைச் சுற்றி, ஆவி சீறச் சீறத் திருகிக் கழற்றினார்.

"இது என் வண்டி மூடி. இந்த நசுங்கல் நான் பண்ணினது. பங்களா கேட்டுல மோதினேன்" என்று அத்தனை பேர் கேட்கச் சொன்னார். டிசைன் என்று எனக்குப் பாடம் சொன்ன ஈஸ்வரமூர்த்தி அப்போது தரையைப் பார்த்தார். மேனேஜர் அங்கேயே அந்த மூடியைத் தன் காரில் திருகிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும், நான் செய்ததாயிற்றே. பொருந்தியதையே சாட்சியாக வைத்து என்னைத் திருடன் ஆக்கினார்கள்.

செக்போஸ்ட் போலீஸ்காரர் ஈஸ்வரமூர்த்தியிடம் மூடி ஏது என்று கேட்டார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் சீமைக் கதையைக் கேட்டவர்கள். அவர்கள் முன்னால் இது உள்ளூரில் செய்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னைக் காட்டி, "இவன்தானுங்க கொண்டாந்து குடுத்தான்" என்றார். செய்து கொடுத்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இங்கே நிற்க வேண்டியதில்லை. ஏசுதாஸ் தண்ணீர் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

அதன் பிறகு என்னைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மலையாளம் எனக்கும் தெரியும், பஸ்ஸிலும் சந்தையிலும் பேசுகிற மலையாளம். தொழிலைப் பற்றிக் கேட்டால் எனக்கு வருவது தொழில் பேச்சுதான். தலைமைக் காவலர் எழுதிக்கொண்டே கேட்டார். நான், "சார், இந்த மூடி நான்தான் அடிச்சேன். மொத ஒண்ணு சுருங்கிப் போச்சு, அப்புறம் வேற அடிச்சு மாத்திக் குடுத்தேன்" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, "அடிச்சு மாற்றி, அல்லே?" என்றார். விஷயம் புரிந்துகொண்டாரே என்று சந்தோஷப்பட்டு, "ஆமா சார், நானேதான்" என்றேன். அவர் உள்ளே பார்த்து, "சம்மதிச்சு சாரே" என்று, நான் ஒப்புக்கொண்டதாகக் குரல் கொடுத்தார். அவர்கள் மலையாளத்தில் அடித்து மாற்றினான் என்றால் களவாண்டான் என்று அர்த்தம். அது எனக்கு உறைத்தபோது என் கையெழுத்தை வாங்கியிருந்தார்கள். என் வாயாலேயே, சிரித்த முகத்தோடு, திருடினேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒப்புக்கொண்ட பிறகு ஏன் அடித்தார்கள் என்று ஆர்.டி.ஓ. அவர்கள் கேட்டதற்குச் சொல்வது: இதற்கு முன் எங்கெங்கே எதையெதைத் திருடினாய் என்று கேட்டு அடித்தார்கள். எஸ்டேட்டில் பதினாறு வருஷம் இருந்தவன் வெறும் மூடியோடு விட்டிருப்பானா என்பது அவர்கள் கேள்வி. மூன்று நாள் அங்கே வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் என் வலது கையை மேஜை மேல் விரிக்கச் சொல்லி, தடியால் விரல்களின் மேல் அடித்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உடைந்தன. அச்சை மண்ணிலிருந்து உதிராமல் தூக்குவது இந்த இரண்டு விரல்தான்.

என் பட்டறையைச் சோதனை போட்டபோது தேக்கு அச்சையும் எடுத்து வந்திருந்தார்கள். அது ஒன்றே நான் செய்ததற்குச் சாட்சி, பத்திரமாக வையுங்கள் என்று முதல் நாளே கெஞ்சினேன். மூன்றாம் நாள் காலை முகம் கழுவப் பின்பக்கம் கூட்டிப் போனபோது, வெந்நீர் அடுப்பில் அது பாதி எரிந்து கிடந்தது. சிறகு ஒன்று மட்டும் தெரிந்தது. மூன்று வாரம் செதுக்கியது. நான் கத்தினேன். கட்டை எரியத்தானே செய்யும் என்று ஒரு போலீஸ்காரர் சிரித்தார். நான் அப்போது சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டாம் என்று எழுத்தர் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் என்னை உட்கார வைத்து, திருடினது என்றால் ஒரு செக்ஷன், நீ செய்தது என்றால் கம்பெனி முத்திரையைப் போலியாகப் போட்டதற்கு வேறு செக்ஷன், எது வேண்டும் என்றார். செய்தது என்றே எழுதுங்கள், அதற்கு எத்தனை வருஷம் என்றாலும் உள்ளே இருக்கிறேன் என்றேன். அவர் எழுதவில்லை.

ஜாமீனுக்கு ஈஸ்வரமூர்த்தி வந்து கையெழுத்துப் போட்டார். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இருதயம்மாள், "ஏங்க, இது அதுதானே?" என்று கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு பித்தளைத் துண்டை எடுத்து வந்து காட்டினாள். நான் குவியலில் வீசிய முதல் மூடி. உருக்கிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவள் அதை எடுத்து ஐந்து மாதமாகக் கோழிக்கூட்டில் வைத்திருக்கிறாள். அதைச் சேலையில் முடிந்துகொண்டு, எங்கள் பங்குச்சாமியாரிடம் மனு எழுதி வாங்கி, இந்த அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தது அவள்தான்.

இன்று காலை இந்த அலுவலக வாசலில் மேனேஜர், ஏசுதாஸ், ஈஸ்வரமூர்த்தி, நான் எல்லோரும் ஆஜரானோம். மேனேஜரின் காரும் வந்திருந்தது. ஆர்.டி.ஓ. அவர்கள் இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் இடது சிறகில் அதே நசுங்கல். உங்களுடையது எது என்று கேட்டார். மேனேஜர் முலாம் போட்டதை எடுத்தார், வைத்தார், மற்றதை எடுத்தார், அதையும் வைத்தார். ஒரு தடவை கேட்டில் மோதினால் இரண்டு மூடி எப்படி நசுங்கும் என்று ஆர்.டி.ஓ. அவர்கள் கேட்டார். சின்ன மூடியைக் காரில் வைத்துப் பார்த்தார்கள். லொடலொடவென்று ஆடியது. என் தொழிலில் நான் செய்த மட்டமான வேலை அது. அதைப் பார்த்து இன்றைக்கு நான் வெட்கப்படவில்லை.

அப்போது ஏசுதாஸ் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். மே மாதம் மறையூர் ஏற்றத்தில் என்ஜின் கொதித்ததால் மூடியைக் கழற்றி மட்கார்டு மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றியவன், திருப்பிப் போட மறந்து வண்டியை எடுத்துவிட்டான். மூடி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. வேலை போய்விடும் என்று பயந்து, மூணாறு பஜாரில் திருட்டுப் போனதாக மேனேஜரிடம் சொன்னான். "மன்னிச்சிரு அண்ணே, நாலு புள்ளக்காரன்" என்றான். எனக்கும் பிள்ளைகள் உண்டு. அவன் அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஈஸ்வரமூர்த்தியும் மூடியை நான் செய்து கொடுத்ததாகத் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஆர்.டி.ஓ. அவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போன சமயத்தில் மேனேஜர் என்னிடம் வந்தார். "பவுல்ராஜ், போனது போகட்டும். நீ நல்ல வேலைக்காரன். எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு, கேஸை நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். அவருக்கு மூடி வேண்டும். என் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"செஞ்சு தாரேன் சார். ஆனா செறகு மேல எம் பேரை வெட்டுவேன். பவுல்ராஜ் செஞ்சதுன்னு பாக்கறவனுக்கெல்லாம் தெரியணும்" என்றேன்.

"அப்புறம் அது ஒரிஜினல் மாதிரி இருக்காதே" என்றார்.

"அப்ப மூணு நாளா எந்த ஒரிஜினலுக்கு சார் என்னையப் போட்டு அடிச்சாங்க?" என்றேன். அவர் கார்ப் பக்கம் போய்விட்டார். இந்தப் பேச்சை எழுத வேண்டுமா என்று ஆர்.டி.ஓ. அவர்கள் கேட்டார். இதை எழுதாவிட்டால் மற்றதையும் எழுத வேண்டாம் என்றேன்.

நான் கேட்பது: எனக்கு வாபஸ் வேண்டாம். வாபஸ் என்றால் திருடினவனைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்டதாகத்தான் ஊரில் பேசுவார்கள். நான் திருடவில்லை, நான் செய்தேன் என்று தீர்ப்பில் வர வேண்டும். என் விரலை உடைத்தவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும். முலாம் போட்ட அந்த மூடியில் 'திருட்டுச் சொத்து' என்று எழுதிக் கட்டியிருக்கும் சீட்டை அவிழ்க்க வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டுவதாக எழுத்தர் சொன்னார். வேண்டாம் என்று வாங்கி நானே முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். இரண்டு இடத்தில் 'வார்த்தேன்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நான் சொன்னபடி 'அடித்தேன்' என்றே திருத்தச் சொன்னேன். நடந்ததற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலது கையில் பேனா பிடிக்க முடியாததால் இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன். கோணலாக இருக்கும், பழைய கையெழுத்துக்கு ஒத்துவராது. இருந்தாலும் என்னுடையதுதான். நாளைக்கு யாரும் இதை டூப்ளிகேட் என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.

(ஒப்பம்) சூ. பவுல்ராஜ்